அப்பாவின் பல்செட்டைத் தேடிக் கொடுத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்குத் தாடையில் போட்ட கம்பியெல்லாம் எடுத்தாச்சு. வாய் திறந்ததும் முதல் வேலையாக என்னைத் திட்டினார், அதனால் தேறிவிட்டார் என்றே வைத்துக்கொள்ளலாம்.

வெண்ணாற்றங்கரைச் சாலையில் நெல் காயப்போட்டிருந்த இடத்தில் வண்டி சறுக்கி, மோவாய் தரையில் மோத விழுந்தவரைத் தூக்கியது காவலுக்குப் படுத்திருந்த தம்பிகள். மல்லாக்கப் படுக்கவைக்காமல், முன்னால் குனிந்தாற்போல் உட்காரவைத்து 108 வரும்வரை பிடித்துக்கொண்டிருந்தீர்களே, அது பெரிய உதவி. கீழ்த்தாடை இரண்டு பக்கமும் உடைந்தால் நாக்கு பின்னால் சரிந்து மூச்சை அடைத்துவிடுமாம்.

தஞ்சாவூரில் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "பல்செட் எங்கே? உடைந்திருந்தாலும் கொண்டுவாங்க" என்பதுதான். போனில் சொன்னதும் டார்ச் அடித்து நெல்லைக் கிளறி இரண்டு துண்டையும் எடுத்து, விடிவதற்குள் பஸ்ஸில் கொடுத்தனுப்பினீர்கள். பல்லே இல்லாத வாயில் உடைந்த தாடையை எதோடு சேர்த்துக் கட்டுவது? பல்செட்தான் அங்கே ஸ்பிளிண்ட், அதாவது உடைந்த எலும்பை அசையாமல் பிடித்துவைக்கும் கட்டு. வயசான தாடை பென்சில் மாதிரி மெலிந்திருந்தது. உடைந்த எலும்பை இணைக்கும் பிளேட் (உலோகத் தகடு) வைக்கச் சதையைத் திறந்து எலும்பின் மேல் சவ்வை உரித்தால், அதற்கு வருகிற ரத்தமும் குறையும் என்று டாக்டரம்மா படம் போட்டுக் காட்டினார். பல் லேபில் வேலை பார்க்கும் அண்ணன் துண்டுகளை ஒட்டி, கஞ்சி போக முன்பற்களை எடுத்து வழி செய்தார். அப்புறம் எலும்பைச் சுற்றிக் கம்பி கொடுத்து, மேல் செட்டையும் கீழ் செட்டையும் சேர்த்துக் கட்டினார்கள்.

1865-இல் அமெரிக்க அமைச்சர் சீவார்டு வண்டியிலிருந்து விழுந்து தாடையை உடைத்துக்கொண்டபோது கன்னிங் என்ற பல் மருத்துவர் ரப்பரில் ஸ்பிளிண்ட் செய்து போட்டாராம். இன்றும் இதற்குக் கன்னிங் ஸ்பிளிண்ட் என்றுதான் பெயர். வார்டில் ஒரு பயிற்சி டாக்டர் தம்பி இதைச் சொன்னதிலிருந்து அப்பாவுக்கு ஒரே பெருமை, பேச முடியாததால் சிலேட்டில் எழுதி எழுதிக் காட்டினார்.

வாய் கட்டியிருக்கும்போது வாந்தி வந்தால் உடனே கம்பியை வெட்ட வேண்டும், கட்டர் எப்போதும் தலைமாட்டில் இருக்கணும் என்றார்கள். தன் தொழில் சாமானையே எடுத்துக் கொடுத்த தெருக்கோடி எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கும், நொய்க்கஞ்சியை வடிகட்டி, மோர் கலந்து வேளை தவறாமல் கொண்டுவந்த எதிர்வீட்டு அத்தைக்கும் ரொம்ப நன்றி. நல்லவேளை, கட்டருக்கு வேலை வரவில்லை. அண்ணே, அது எங்கள் வீட்டில்தான் பத்திரமாக இருக்கிறது, கடை திறந்ததும் சொல்லுங்கள்.

எலும்பு கூடிவிட்டது, புதுச் செட்டுக்குக் கொஞ்ச நாள் கழித்து அளவு எடுப்பார்கள். நெல்லுக்குக் காவலிருந்த தம்பிகளா, செட் வந்ததும் வீட்டில் கறிச்சோறு. அப்பாவின் உத்தரவு, யாரும் தப்பிக்க முடியாது.