மாலை ஜெபம் மட்டுமாவது

கோத்தகிரி
11-ஆம் தேதி

அன்பு மகளுக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே சுகம். போனை எடுத்தால் "நல்லாத்தாம்மா இருக்கேன்" என்று வைத்துவிடுகிறாய். சரி. மாப்பிள்ளையைப் பற்றி நான் கேட்கவில்லை.

ஜெபப்புத்தகத்தைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். நம் ஊர் ஈரத்தில் அட்டை பூசணம் பூத்திருந்தது. நாலு நாள் அடுப்பங்கரையில் வைத்துத் துடைத்தேன்.

காலையில் முடியாவிட்டால் மாலை ஜெபம் மட்டுமாவது சொல். மடத்துத் துறவிகள் சொன்ன ஏழெட்டு வேளை ஜெபத்தை, இந்தப் புத்தகத்தை முதலில் தொகுத்த இங்கிலாந்துப் பேராயர் கிரான்மர் 1549-இல் காலை, மாலை என்று இரண்டாகச் சுருக்கியதே ஊர்ஜனங்களும் சொல்லத்தான். தொடக்கத்தில் வரும் நீண்ட புத்திமதியை, தனியாகச் சொல்லும்போது விட்டுவிடலாம். பாவ அறிக்கையை விடாதே. அதற்கடுத்த பாவவிமோசனம் குருவானவர் கூறுவது. நீயே உனக்குக் கூறிக்கொள்ளக் கூடாது. அந்த இடத்தில் திரித்துவ ஞாயிறுக்குப் பின்வரும் 21-ஆம் ஞாயிறுக்குரிய சுருக்க ஜெபத்தை, அந்தச் சில வரி ஜெபத்தைச் சொல். மன்னிப்பும் சமாதானமும் கேட்கிற ஜெபம்.

வேதத்திலுள்ள 150 சங்கீதமும் காலை மாலையாக 60 பங்கு, 30 நாளில் முடியும். 31 வந்தால் 30-ஆம் தேதிப் பங்கே திரும்ப. நாலு நாள் விட்டுப்போனால் விட்டதையெல்லாம் சேர்த்துப் படிக்க உட்காராதே. அன்றைய தேதிக்குப் போ. பாக்கி அடைக்கப் பார்த்துத்தான் பலரும் அடியோடு நிறுத்திவிடுகிறார்கள். 15-ஆம் தேதி மாலை 78-ஆம் சங்கீதம் ஒன்றே 72 வசனம், சாப்பிட்டுவிட்டு உட்கார். வசனத்தின் நடுவில் ஒரு மூச்சு நிறுத்தவேண்டும். ஞாயிறு பள்ளியில் பரிசு வாங்கினவளுக்கு நான் சொல்லவேண்டாம், ஆனாலும் நீ ஓட்டுவாய். விட்டதைத் தேடாதே, தேதியைப் பார்.

மாலை ஜெபத்தில் வரும் மரியாளின் பாட்டும் சிமியோனின் பாட்டும் உனக்கு மனப்பாடம். ஒன்றுமே முடியாத நாளில், இருளை வெளிச்சமாக்கி ராத்திரியின் ஆபத்துக்கு விலக்கச் சொல்லும் அந்த மூன்றாம் சுருக்க ஜெபத்தையாவது விளக்கணைக்குமுன் சொல்.

17-ஆம் தேதி மட்டும் காலையிலும் புத்தகத்தை எடு. அன்றைய பங்கு சங்கீதம் 86, 87, 88. மற்றப் புலம்பல்கள் பெரும்பாலும் முடிவில் கொஞ்சம் தேறும், 88 தேறாது. சிநேகிதர் விலகி, தெரிந்தவர்கள் மறைந்துபோனதோடு நின்றுவிடும். அப்பா இறந்த வருஷம் நான் 87-ஓடு புத்தகத்தை மூடினேன். நீ பக்கத்தில்தான் இருந்தாய், உன் விரல் 88-இல் இருந்தது. நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதற்கப்புறம் இந்த வீட்டில் யாருமே எதையும் சொல்வதில்லை. அந்தப் பழக்கம் என்னால் வந்தது.

17-ஆம் தேதி காலை ஆறரைக்கு 88 சொல்லுவேன். போன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

அம்மா