பாப்பாவுக்கு, நம்ம கடை மூடின பிறகு

பாப்பா,

ஞாயித்துக்கிழமை நீ கனடாவுல இருந்து கோல் எடுத்தப்ப உங்கிட்ட ஒண்ண மறைச்சிட்டேன், அம்மாகிட்டயும் வாய தொறக்காதன்னு சொல்லி வச்சிருந்தேன், அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல அதனாலதான் இத எழுதுறேன். நம்ம துணிக்கடை மூடியாச்சு. தீவாளி திங்கக்கிழமை வந்துச்சு, அந்த வாரம் சனிக்கிழமையோட சரி. மால்ல ஆளே வர்றதில்லப்பா, வாரத்துக்கு மூணு நாள்தான் ஷிஃப்ட் குடுக்குறாங்கன்னு நீ தொண்டை அடைக்க சொல்லிக்கிட்டு இருக்கும்போது எனக்கும் வேலை போயிருச்சுன்னு எப்படிம்மா சொல்றது.

நான் அங்க சேல்ஸ்மேன்தான், கடை முதலாளியோடது. ஆனா நீ பேச ஆரம்பிச்சதில இருந்து நம்ம கடைன்னுதான் சொல்லுவ, ஹட்டன் டவுன்ல பஸ்ஸ விட்டு இறங்குனதும் என் கைய உதறிட்டு ஓடிப்போய் அந்த மூணு படியில ஏறி நிப்ப. 1989இல நான் சேர்ந்தேன், 36 வருஷம். நான் சேர்ந்த வருஷம் இலங்கையில ஜேவிபி கிளர்ச்சி, கடைய மூடச்சொல்லி அவங்க துண்டு வரும், தொறந்தா சுடுவாங்க, மூடுனா ஆமிக்காரன் வந்து தொறக்கச் சொல்லுவான், அப்படிப்பட்ட காலம். அதையும் தாண்டுச்சு, கொரோனா ஊரடங்கையும் தாண்டுச்சு, 2022இல பெட்ரோல் இல்லாம பஸ் ஓடாம, 200 ரூபா இருந்த டாலர் 360க்கு போய் துணி விலை எல்லாம் ரெண்டு மடங்கானப்பவும் தாண்டுச்சு. இப்ப மூடிட்டாங்க.

உன் பிள்ளைக்கு இதெல்லாம் தெரியாம போயிரும் அதனால கொஞ்சம் விவரமா எழுதுறேன், நீயும் சின்னப்புள்ளையில பார்த்ததுதான். தீவாளிக்கு முந்தின ரெண்டு வாரம், தேயிலைத் தோட்டத்துல தீவாளி அட்வான்ஸ் குடுத்த மறுநாள்ல இருந்து, டிக்கோயா நோர்வூட் மஸ்கெலியா பொகவந்தலாவைன்னு எல்லா பஸ்ஸும் ஆள கொண்டு வந்து கொட்டும். குடும்பத்தோட வருவாங்க, பாட்டி, மருமக, இடுப்புல ஒண்ணு கையில ஒண்ணு. காலையில கொழுந்து எடுத்துட்டு கையில கறையோட வர்ற ஆளுங்களும் இருக்கும். அவங்க உள்ள வந்ததும் முதலாளி எங்களுக்கு சொல்லிக்குடுத்த முதல் வார்த்தை "வாங்கம்மா உக்காருங்க". ஸ்டூல் போடணும், பிள்ளைக்கு தண்ணி குடுக்கணும், பிறகுதான் என்ன வேணும்னு கேக்கணும். பாப்பா, நல்லா யோசிச்சுப் பாரு, வருஷம் பூரா காலையில வேலைக்கு பேர் கூப்பிடுற பெரட்டுக் களத்துல ஏச்சு வாங்குற ஒரு பொம்பளைய, கங்காணியும் கணக்கப்பிள்ளையும் ஏய் வா போன்னு கூப்பிடுற ஒரு பொம்பளைய, யாரு உக்காருங்கன்னு சொல்லுவாங்க? அவங்க முன்னாடி நான் 20 சாரி விரிச்சுக் காட்டுவேன், ஒண்ணுமே எடுக்காம எந்திரிச்சாலும் மூஞ்சிய சுளிக்கக்கூடாது, மடிச்சு வச்சிட்டு போயிட்டு வாங்கம்மான்னு சொல்லணும். மத்த சில கடைகள்ல அப்ப தோட்டத்து ஆளுக்கு ஒரு விலை டவுன் ஆளுக்கு ஒரு விலை இருந்துச்சு, நம்ம கடையில துணியில சீட்டு குத்தி இருக்கும், அதுதான் விலை, எல்லாருக்கும் அதுதான்.

நீ அனுப்புன வீடியோவில பாரிஸ்ல பொன் மார்ஷேன்னு ஒரு கடைய காட்டுனாங்களே, 1852இல இருந்து பூசிக்கோன்னு ஒருத்தர் வளர்த்தெடுத்தது, விலைய எழுதி வச்சு, யாரும் உள்ள வரலாம் பார்க்கலாம் வாங்காமலும் போகலாம்னு வச்சாருன்னு. அத பார்த்ததும் எனக்கு நம்ம கடைதான் ஞாபகம் வந்துச்சு. அளவுல கால்வாசி கூட வராது, ஆனா எங்க ஆளுங்களுக்கு அதுதான் அந்த கடை.

ஏன்னா மலையில பெரிய கடைங்கிறது நமக்கு முந்தியே இருந்துச்சு, நமக்காக இல்ல. கார்கில்ஸ தொடங்குனது கண்டியிலதான், 1844இல, மில்லர் கார்கில்னு ரெண்டு வெள்ளக்காரங்க. அப்ப இங்க கோப்பித் தோட்டம். நுவரெலியாவுல இருக்கிற அவங்க பழைய கட்டடத்த உனக்கு காட்டியிருக்கேன். எங்க தாத்தா அந்த மாதிரி கடைய தொரைமார் கடைன்னுதான் சொல்லுவாரு, தொரையோட சாமானத்த தூக்கிக்கிட்டு வாசல் வரைக்கும் போவாராம். 1948இல தோட்டத்துத் தமிழ் ஆளுங்களோட குடியுரிமைய பறிச்ச பிறகு எங்க ஆளுங்களுக்கு நாட்டுல பேருகூட இல்ல, எல்லாருக்கும் அது சட்டப்படி திரும்பக் கிடைக்க 2003 ஆச்சு. ஆனா நம்ம முதலாளியோட வாப்பா காலத்து கடன் புத்தகத்துல அவங்க பேரு இருந்துச்சு, தோட்டம், டிவிஷன், லயத்து வீட்டு நம்பர் எல்லாம் போட்டு. ஐடென்டி கார்டு கேக்காம கடன் குடுத்தாங்க, மாசம் மாசம் சம்பளத்துக்கு வந்து கட்டுனாங்க. அந்த புத்தகத்த நான் கையால தொட்டுப் பார்த்திருக்கேன்.

அதே கார்கில்ஸ் 1983இல கொழும்புல ஃபூட் சிட்டின்னு சுப்பர்மார்க்கெட் ஆரம்பிச்சு அதுக்கே மாறிட்டாங்க, இப்ப ஹட்டன்லயும் இருக்கு, தோட்டத்து புள்ளைங்க கூடைய எடுத்துக்கிட்டு சும்மா நடந்து போறத பார்க்கும்போது எனக்கு மனசு நிறைஞ்சிரும், அத நான் குறை சொல்லவே மாட்டேன்.

இப்ப உன் ஊருக்கு வர்றேன். நீ சொன்ன பிறகு உங்க மால்ல மூடுன பெரிய கடை, பே கடைய பத்தி நானும் தேடி தேடி வாசிச்சேன். ஹட்சன்ஸ் பே, 1670இல இங்கிலாந்து ராஜா சாசனம் குடுத்து தோல் வியாபாரத்துக்கு தொடங்குன கம்பெனி, 355 வருஷம் இருந்து 2025 ஜூன் 1ஆம் தேதியோட எல்லா கடையையும் மூடிருச்சு. அதுக்கு முன்னாடி அதே மாதிரி கனடாவுல இருந்த பெரிய கடைங்க, ஈட்டன்ஸ் 1999இல, சியர்ஸ் 2018இல மூடுச்சு. ஹட்சன்ஸ் பே கம்பெனி அந்தக் காலத்துல ஆதிவாசி ஆளுங்ககிட்ட நீர்நாய் மாதிரி ஒரு மிருகத்தோட தோல வாங்கிக்கிட்டு கோடு போட்ட கம்பளிய குடுப்பாங்களாம், பச்சை சிவப்பு மஞ்சள் கருநீலம். நம்ம ஆளுங்க மழையில தலையில போட்டுக்கிட்டு கொழுந்து எடுத்த கம்பளிதான் எனக்கு உடனே ஞாபகம். அங்கயும் கம்பளி இங்கயும் கம்பளி, வெள்ளக்காரன் வியாபாரத்துக்கு போன எடமெல்லாம் குளிர்ல நின்னு வேலை செஞ்சது வேற ஆளு. நீ குளோசிங் சேல்ல லைன்ல நின்னு வாங்கி அனுப்புன அந்த நாலு கோடு தொப்பிய போட்டுக்கிட்டுத்தான் இப்ப உக்கார்ந்திருக்கேன், வெளிய மழை. கடை போன பிறகு அந்த கோட்ட மட்டும், பேரையும் சேர்த்து, கனேடியன் டயர்னு வேற ஒரு கடைக் கம்பெனி 3 கோடி டாலருக்கு வாங்கிருச்சாமே. அத வாசிச்சப்ப எனக்கு வயிறு எரிஞ்சுச்சு பாப்பா. கோட்டுக்கு விலை இருக்கு, 20 வருஷம் கவுண்டர்ல நின்ன பொம்பளைக்கு விலை இல்லையா?

எல்லாரும் ஆன்லைன் ஆன்லைன்னுதான் சொல்றாங்க. இங்கயும் அப்படித்தான், தராஸ்னு ஆன்லைன் கடையில நவம்பர் 11 சேல் வந்தா பக்கத்து லயத்து புள்ளைங்க எல்லாம் போனும் கையுமா இருக்குதுங்க, ஃபேஸ்புக் லைவ்ல ஒரு பொண்ணு சாரிய தோள்ல போட்டு காட்டும், கமெண்ட்ல நம்பர போட்டா கூரியர்ல வந்துரும், சல்லிய கையில வாங்கிக்குவாங்க. வியாபாரத்துல ஒரு பங்கு அதுலதான் போச்சு, இல்லன்னு சொல்லல. ஆனா அது மட்டும்தான் காரணம்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். அமெரிக்காவுலயே 2024இல 100 டாலர் சில்லறை வியாபாரத்துல 16 டாலர் மாதிரித்தான் ஆன்லைன்ல நடந்துச்சாம், மிச்சம் எல்லாம் கடையிலதான். அப்ப பெரிய கடைங்க ஏன் விழுகுது? நான் வாசிச்ச வரைக்கும் எனக்கு பட்டது, கடைய வாங்குன ஆளுங்க துணி விக்க வாங்கல, கட்டடத்துக்கும் காணிக்கும் வாங்குனாங்க. பே கடைய 2008இல வாங்குனதே அமெரிக்காவுல காணி கட்டட முதலீடு செய்ற ஆளுங்க. அமெரிக்காவுல இருந்த சியர்ஸும் 2015இல 200க்கு மேல தன் சொந்த கடை கட்டடங்கள வேற கம்பெனிக்கு வித்துட்டு அதே இடத்துல வாடகைக்கு இருந்துச்சு. சொந்த வீட்ட வித்துட்டு அதுலயே வாடகைக்கு இருந்தா எத்தன நாளைக்கு தாங்கும். கடன் ஒரு பக்கம், வட்டி ஒரு பக்கம், பிறகு லிஃப்ட் பழுதானா திருத்த சல்லி இருக்காது, ஆளுங்கள குறைப்பாங்க, கேக்க ஆள் இல்லாத கடைக்கு யாரு வருவா.

இங்க அதேதான் நடந்துச்சு, சின்ன அளவுல. முதலாளி 2021இல மௌத்தானதும் பிள்ளைங்க கொழும்புல இருந்து வந்தாங்க. நல்ல பிள்ளைங்க, மரியாதையா பேசுவாங்க. ஆனா அவங்க உள்ள வந்து பார்க்குறது தட்டுல இருக்கிற துணிய இல்ல, மேல சீலிங்க, சுவத்த, ரோட்டுப் பக்கம் எத்தன அடின்னு. மூணா தடுத்து வாடகைக்கு விட்டா ஒரு தலைவலியும் இல்லாம மாசம் வர்ற சல்லி எங்க லாபத்தவிட கூடன்னு கணக்கு போட்டு என்கிட்டயே காட்டுனாங்க. கணக்கு சரிதான். நான் என்ன சொல்ல. ரெண்டு வருஷமா கொழும்பு கெய்சர் வீதிக்கு போய் புது சரக்கு எடுக்க விடல, பழைய சரக்க வச்சே வித்தோம், வந்த ஆளு புதுசு இல்லையான்னு கேட்டுட்டு இறங்கிப்போகும், அத பார்த்துட்டு வியாபாரம் இல்லன்னு சொன்னாங்க. ஒருகாலத்துல 22 பேர் வேலை செஞ்ச எடம், கடைசியில 9 பேர்.

அந்த 9 ஒரு முக்கியமான நம்பர், நல்லா கேட்டுக்க. கிராஜுவிட்டி, அதாவது வருஷத்துக்கு அரை மாச சம்பளம், 1983 சட்டப்படி 15 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்ற எடத்துக்குத்தான் கட்டாயம். ஆள் ஒவ்வொருத்தரா விலகும்போது புது ஆள் எடுக்கல, நாங்களும் வேலை கூடிப்போச்சேன்னு மட்டும்தான் புலம்புனோம், இத யோசிக்கல. எனக்கு இபிஎஃப் சேமிப்பு இருக்கு, அது போதும், நீ சல்லி அனுப்புறேன்னு ஆரம்பிக்காத. ஆனா நீ உன் மனேஜர்கிட்ட இப்பவே போய் கேளு, கடையோட லீஸ் எப்ப முடியுது, மூடுனா உனக்கு என்ன வரும், எழுத்துல குடுங்கன்னு. பெரிய கடை போயிட்டா பக்கத்து சின்ன கடைங்க வாடகைய குறைக்கலாம் இல்ல ஒப்பந்தத்த முறிச்சிட்டு போகலாம்னு மால் ஒப்பந்தங்கள்ல ஒரு விதி போட்டிருப்பாங்களாம், உன் கடைக்காரங்க அத பிடிச்சுக்கிட்டு சீக்கிரமே கிளம்பலாம். கூச்சப்படாத. நான் கூச்சப்பட்டேன், முதலாளி வீட்டு ஆளுங்கள எப்படி கேக்குறதுன்னு.

மால்ல பெரிய கடை விழுந்ததும் உன் கடைக்கு ஆள் வரலன்னு நீ சொன்ன இல்ல, அது இங்க எனக்கு கண்ணு முன்னாடி நடக்குது. நம்ம கடைக்கு வந்த ஆளுதான் எதுத்தாப்புல டீக்கடைக்கு போகும், ரோல்ஸும் பிளேன்டீயும் சாப்பிடும், ரெண்டு கடை தள்ளி செருப்பு வாங்கும், பிள்ளைக்கு பலூன் வாங்கும். டிசம்பர் பௌர்ணமி போயாவுல இருந்து மே மாச வெசாக் வரைக்கும் சிவனொளிபாதமலைக்கு போற ஆளுங்க ஊல் தொப்பிக்கும் ஸ்வெட்டருக்கும் நம்ம கடையில ஏறுவாங்க, அவங்கள நம்பி வாசல்ல ஒருத்தர் கடலை விப்பாரு. நேத்து அந்த பக்கம் போனேன், போகாம இருக்க முடியல. ஷட்டர் போட்டிருக்கு, டீக்கடைக்காரர் என்ன பார்த்ததும் ஒண்ணும் பேசல, டீய ஊத்தி கையில குடுத்தாரு, சல்லி வாங்க மாட்டேன்னுட்டாரு.

உன் வேலை போனா உன்னால ஒண்ணும் ஆகலன்னு நினைச்சிராத பாப்பா. போன மாசம் ஒரு சீனத்து கிழவிக்கு மகளோட கல்யாணத்துக்கு சென்ட் தெரிஞ்செடுக்க ஒரு மணித்தியாலம் நின்னேன்னு சொன்னியே, பாஷை தெரியாம கையாலயே பேசிக்கிட்டு. அத சொல்லும்போது உன் குரலே வேற மாதிரி இருந்துச்சு. எனக்கு அப்ப பெருமையா இருந்துச்சு, சொல்லல, இப்ப சொல்றேன்.

கடைசி நாள் எங்களுக்கு ஆளுக்கு ஒரு துணி எடுத்துக்கோங்கன்னாங்க. அம்மாவுக்குத்தான் எடுக்கப் போனேன், அவதான் உனக்கு எடுக்கச் சொன்னா. மூணாம் தட்டுல கருநீலத்துல மாம்பழ மஞ்சள் கரை போட்ட கைத்தறி ஒண்ணு, ரொம்ப நாளா யாரும் எடுக்காம இருந்துச்சு, பொம்பளைங்க எடுத்துப் பார்த்துட்டு விலைய கேட்டு வச்சிட்டுப் போவாங்க. அத எடுத்து வச்சிருக்கேன். நம்ம கடை வாசல்ல மெஷின் போட்டிருந்த டெய்லர் அக்கா இப்ப மெஷின வீட்டுக்கு கொண்டு போயிட்டாங்க, கொட்டகலை போற ரோட்டுல, ஆர்டர் ஒண்ணும் வரலன்னு சொன்னாங்க. பிளவுஸ அவங்ககிட்டத்தான் குடுக்கப் போறேன். உன் பழைய அளவு அவங்க கொப்பியில இருக்கு, பிள்ளை பெத்த பிறகு மாறியிருக்கும், அம்மா புது அளவு கேட்டிருக்கா, தோள், கை, இடுப்பு மூணையும் இன்ச்ல எழுதி இந்த வாரமே அனுப்பு.

அப்பா