வேலை விவரத்தைக் கல்லூரிகள் வெளியிடட்டும்

ஆசிரியருக்கு,

மும்பையில் பிளஸ் டூ முடிக்கும் நம் பிள்ளைகள் பலர் சப்ளை செயின் மேனேஜ்மென்ட், அதாவது சரக்கு கொள்முதல், கிடங்கு, போக்குவரத்து நிர்வாகம் பற்றிய பட்டப்படிப்பில் சேர்கிறார்கள். காரணம் இருக்கிறது. நவ சேவா துறைமுகம் 1989 முதல் இயங்குகிறது. 2017இல் ஜிஎஸ்டி வந்தபின் மும்பையை அடுத்த பிவண்டியில் பெரிய பெரிய கிடங்குகள் எழுந்தன. பால்கர் மாவட்டத்தில் வாதவன் துறைமுகத்துக்கு 2024இல் அடிக்கல் நாட்டியாயிற்று.

சரி, என்ன வேலை கிடைக்கிறது? என் அண்ணன் மகளைச் சேர்க்கும்போது கல்லூரியில் 'மேனேஜர்' என்றே பேசினார்கள். படித்து முடித்தவளுக்குக் கிடைத்தது, கிடங்கில் சரக்கை ஸ்கேன் செய்து இருப்புக் கணக்கு பார்க்கும் வேலை. அது தாழ்ந்த வேலை இல்லை. இந்தத் துறையை அங்கேதான் கற்க முடியும். ஆனால் அதற்கு மூன்று வருடக் கட்டணமும் கல்விக் கடனும் எதற்கு என்று அண்ணன் கேட்கிறார். நியாயமான கேள்வி. அவளோடு படித்தவர்களில் சுங்க ஆவணங்களையும் எக்செல்லையும் வெளியே தனியாகப் பழகிக்கொண்டவர்கள் கொள்முதல், திட்டமிடல் பிரிவுகளில் சேர்ந்துவிட்டார்கள். வகுப்பில் இவை பேருக்குத்தான் நடந்தன.

பேனரில் அதிகபட்சச் சம்பளம் மட்டும் போட்டால் போதாது. எத்தனை பேருக்கு என்ன பதவி, வரிசையில் நடுவில் நிற்பவரின் சம்பளம் எவ்வளவு, ஒரு வருடம் கழித்து எத்தனை பேர் அதே துறையில் இருக்கிறார்கள் என்பதையெல்லாம் சேர்க்கைக்கு முன்பே வெளியிடும்படி பல்கலைக்கழகங்கள் கட்டாயப்படுத்த வேண்டும். அப்புறம், தொழிற்பயிற்சியோடு இணைந்த பட்டப்படிப்புக்கு பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2020லேயே வழிகாட்டுதல் தந்திருக்கிறது. அதன்படி ஒரு செமஸ்டராவது நவ சேவாவிலோ பிவண்டியிலோ உதவித்தொகையோடு நடக்கட்டும்.

ஒரு வாசகர்,
செம்பூர், மும்பை