வசனம் கேட்காத மெய்யழகன்: தியேட்டர் நிர்வாகத்துக்கு ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
உங்கள் நெடுநாள் வாடிக்கையாளர்,
பிறை, பினாங்கு.

பெறுநர்:
தமிழ்ப் படப் பிரிவுப் பொறுப்பாளர்,
தியேட்டர் நிர்வாகத் தலைமையகம்,
கோலாலம்பூர்.

5 ஜனவரி 2025

பொருள்: 29 செப்டம்பர் 2024 மாலைக் காட்சியில் ஒலிப் பழுது, பதில் வராத இரண்டு புகார்கள், தமிழ்ப் படங்களுக்குக் காட்சி நேரம் ஒதுக்கும் விதம்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். இதே விஷயமாக அக்டோபரில் ஒரு முறை, நவம்பரில் ஒரு முறை உங்கள் இணையப் படிவத்தில் மலாயில் எழுதினேன். பதினான்கு வேலை நாள்களில் தொடர்புகொள்வோம் என்று இரண்டு முறையும் தானியங்கிப் பதில் வந்தது. அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை. தமிழ்ப் படத்துக்கு எந்த ஹால், எத்தனை காட்சி என்று முடிவு செய்பவர் தமிழர்தான் என்று கவுண்டரில் இருந்த தம்பி சொன்னார். அதனால் இந்த முறை தமிழிலேயே எழுதுகிறேன். படத்தைப் பற்றிப் பேச எனக்கும் இதுதான் சரளமாக வரும்.

பிறையில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். 2024-இல் உங்கள் தியேட்டரில் 23 படம் பார்த்தேன். டிக்கெட் துண்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைப்பது என் பழக்கம், அதனால் தேதி எல்லாம் சரியாகச் சொல்ல முடியும். ஏதோ ஒரு நாள் வந்து சண்டை போட்டுவிட்டுப் போகிற ஆள் இல்லை நான்.

செப்டம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை, மாலை 6 மணிக் காட்சி, மெய்யழகன். நானும் மனைவியும், மகள், மச்சான், அம்மா என்று ஐந்து பேர். தலைக்கு 18 வெள்ளி (ரிங்கிட்). அம்மாவுக்கு முழங்கால் வலி, தியேட்டர் படி ஏற மாட்டார். அந்தப் படத்துக்காக நான்தான் வற்புறுத்திக் கூட்டி வந்தேன். காரணம் இருக்கிறது. அம்மா பிறந்தது, எங்களை வளர்த்தது எல்லாம் நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். 1998-இல் தோட்டத்தை விற்றார்கள், வீட்டைக் காலி செய்தோம். மெய்யழகன் படத்திலும் 1996-இல் ஒரு குடும்பம் தஞ்சாவூர் வீட்டை இழந்து ஊரை விட்டுப் போகிறது. இருபது வருடத்துக்கு மேல் கழித்து, தங்கை முறையானவளின் கல்யாணத்துக்காக மட்டும் அரவிந்த்சாமி திரும்பி வருகிறார். அங்கே கார்த்தி அவரை அத்தான், அத்தான் என்று ஒட்டிக்கொள்கிறார். இவருக்கோ அவன் யார், பெயர் என்ன என்று நினைவுக்கு வரவில்லை. வெளியே கேட்கவும் கூச்சம். ஓர் இரவு முழுக்க இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். சண்டை கிடையாது, துரத்தல் கிடையாது. பேச்சுதான் படம்.

அந்தப் பேச்சு எங்களுக்குக் கேட்கவில்லை.

படம் தொடங்கிப் பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது. கோவிந்த் வசந்தாவின் இசை இரண்டு பக்கச் சுவரிலிருந்தும் தெளிவாக வந்தது. பேசுகிற குரல் மட்டும் குடத்துக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. என் மச்சான் கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் சவுண்ட் சர்வீஸ் போடுகிறவர். காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "நடு ஸ்பீக்கர் போச்சு" என்றார். உங்களுக்குத் தெரியாதது இல்லை, ஆனாலும் எழுதுகிறேன்: தியேட்டரில் வசனம் பெரும்பாலும் திரைக்குப் பின்னால் நடுவில் இருக்கும் ஸ்பீக்கரில்தான் வரும். அதற்காகத்தான் திரையில் கண்ணுக்குத் தெரியாத சிறு துளைகள் வைத்திருக்கிறார்கள். பக்கத்திலும் பின்னாலும் இருப்பவை இசைக்கும் சுற்றுச் சத்தத்துக்கும். நடுவில் இருப்பது பழுதானால் படம் ஓடும், பாட்டு ஓடும், மனிதர்கள் மட்டும் ஊமையாகிவிடுவார்கள்.

நான் எழுந்து வெளியே போனேன். வாசலில் டிக்கெட் பார்க்கும் மலாய்த் தம்பி மரியாதையாகத்தான் பேசினார், மேலே சொல்கிறேன் என்றார். அவர் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. அரை மணி நேரம் ஆகியும் ஒன்றும் மாறவில்லை. மறுபடியும் போனேன். மேனேஜர் வந்தார். ஹால் கதவருகே இரண்டு நிமிடம் நின்றார். அந்த நேரம் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் நன்றாகத்தானே இருக்கிறது என்றார். வசனம் கேட்கவில்லை என்று சொன்னேன். அதற்கு அவர், கீழேதான் எழுத்து ஓடுகிறதே, அதைப் படித்துக்கொள்ளலாமே என்றார்.

ஐயா, அந்த எழுத்து மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. அம்மா தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். தமிழ்ப் படத்துக்குக் காசு கொடுத்து வந்த தமிழரிடம், படம் புரிய வேண்டுமானால் வேறு மொழியில் படி என்று சொல்வது எனக்கு இன்னும் ஆறவில்லை. மேனேஜருக்குத் தமிழ் தெரியாது, அது தவறும் இல்லை. ஆனால் தமிழ் தெரியாதவருக்கு வசனம் போனதா இல்லையா என்பது கேட்காது. தமிழ்ப் படம் ஓடும் ஹாலில் சத்தத்தைச் சோதிக்கத் தமிழ் தெரிந்த ஒருவர் வேண்டும் என்பது அன்று எனக்குப் புரிந்தது. உங்களுக்கும் புரிய வேண்டும்.

கார்த்தி, அரவிந்த்சாமி முகத்தை வைத்தே அம்மா அழுதார். வீட்டுக்கு வரும் வழியில் காரில், "அந்தப் பையன் என்னப்பா சொன்னான்?" என்று ஒவ்வொரு இடமாகக் கேட்டுக்கொண்டே வந்தார். எனக்கும் பாதி தெரியவில்லை.

மேனேஜர் ஒரு வழியாக மாற்று டிக்கெட் கொடுத்தார், ஒரு வாரத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்று. அக்டோபர் 5-ஆம் தேதி போனோம். அம்மா வரவில்லை, கால் வீங்கியிருந்தது. வேறு ஹால், ஒலி நன்றாக இருந்தது. ஆனால் அதற்குள் படத்தை ஏறக்குறைய 18 நிமிடம் குறைத்துவிட்டார்கள். முதல் வார இறுதிக்குப் பிறகு படக்குழுவே எடுத்த முடிவு அது, உங்கள் குற்றம் இல்லை. ஆனால் அந்த நீண்ட இரவுப் பேச்சில் கைவைத்திருப்பது உட்கார்ந்து பார்க்கும்போதே எனக்குத் தெரிந்தது. அன்று எங்கள் காதில் விழாமல் போன பேச்சு, அடுத்த வாரம் படத்திலேயே இல்லை. இந்த இழப்புக்கு மாற்று டிக்கெட் ஈடாகாது. ஹாலில் வசனத்தோடு முழுப் படம் பார்க்கிற வாய்ப்பு எங்களுக்கு அந்த ஒரு மாலைதான் கிடைத்தது.

சரி, பழுதான ஹாலையாவது சரி செய்தீர்களா? நவம்பர் 14-ஆம் தேதி கங்குவா வந்தது. அதே ஹால். சூர்யாவுக்காக நானும் மகளும் முதல் நாளே போனோம். இந்தத் தடவை ஒரே இரைச்சல். படத்திலேயே சத்தம் அதிகம் என்பது உண்மைதான். ஆஸ்கர் வாங்கிய ஒலிக் கலைஞர் ரசூல் பூக்குட்டியே அதைப் பற்றி வருத்தப்பட்டு எழுதினார், தயாரிப்பாளரும் சத்தத்தை இரண்டு பாயிண்ட் குறைக்கச் சொல்லியிருப்பதாக அறிவித்தார். அந்தச் செய்தி வந்து மூன்று நாள் கழித்து, மனைவியை அழைத்துக்கொண்டு அதே படத்துக்கு மறுபடியும் போனேன். உங்கள் ஹாலில் ஒரு பாயிண்ட்கூடக் குறையவில்லை. முதல் நாள் மகள் இடைவேளை வரை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படமும் என்னை ஏமாற்றியது, அது வேறு கதை. வசனம் கேட்க வேண்டிய படத்தில் கேட்கவில்லை, குறைக்க வேண்டிய படத்தில் குறைக்கவில்லை. ஹாலைக் காது கொடுத்துக் கேட்கிற ஆள் அங்கே யாரும் இல்லை என்றுதான் நான் முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது.

இனி நேர ஒதுக்கீடு. இதைத் தனியாக எழுத நினைத்தேன், ஆனால் இரண்டும் ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது.

ஜூலையில் இந்தியன் 2 வந்தபோது ஒரு நாளைக்கு ஏழு காட்சி போட்டீர்கள். 1996-இல் வந்த முதல் பாகத்தைச் சிறு வயதில் வாடகை வீடியோ டேப்பில் பார்த்தவன் நான். 28 வருடம் கழித்து வந்த இரண்டாம் பாகம் என் மனத்தில் ஒரு காட்சியாகக்கூட நிற்கவில்லை. மூன்றாம் நாள் நான் போனபோது பாதி நாற்காலி காலி. இரண்டாவது வாரமும் காட்சிகள் பெரிதாகக் குறையவில்லை. வேட்டையனும் அப்படித்தான், ரஜினியும் அமிதாப்பும் எதிரெதிரே உட்கார்ந்த இடங்கள் தவிர எனக்கு ஒட்டவில்லை.

ஆகஸ்டில் வாழை வந்தது. மாரி செல்வராஜ் தன் சிறுவயதையே எடுத்திருக்கிறார். பள்ளி விடுமுறை நாளில் வாழைத்தார் சுமக்கப் போகும் பையன். அம்மா பள்ளி விட்டு வந்து, ரப்பர் மரத்தில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பால் பொறுக்கப் போனவர். அவர் பார்க்க வேண்டிய படம் அது. நீங்கள் கொடுத்தது இரவு 11.30 மணிக் காட்சி ஒன்று, அதுவும் நான்கு நாள். அறுபத்தெட்டு வயது அம்மாவை அந்த நேரத்தில் எப்படி அழைத்து வருவது? நான் மட்டும் போனேன். அதே நாள் வெளியான கொட்டுக்காளி, பின்னணி இசையே இல்லாமல் எடுத்த படம், பெர்லின் விழாவில் திரையிடப்பட்ட படம், உங்கள் திரையில் நான் தேடியவரை வரவே இல்லை. பிறகு வீட்டில் பார்த்தேன். காற்றும் சேவல் சத்தமும் ஆட்டோ ஓசையும்தான் அதில் இசை. அதைப் பெரிய ஹாலில் கேட்க முடியாமல் போனது எனக்குப் பெரிய வருத்தம்.

அப்புறம் லப்பர் பந்து. மெய்யழகனுக்கு அடுத்து 2024-இல் எனக்கு மிகவும் பிடித்த படம். மாமனாருக்கும் மருமகனாகப் போகிறவனுக்கும் கிரிக்கெட் மைதானத்தில் வரும் வீம்பு, அதற்கு நடுவில் சிக்கிக்கொள்ளும் இரண்டு பெண்கள், ஊருக்குள் யார் விளையாடலாம் யார் கூடாது என்கிற சாதிக் கணக்கு. தினேஷ் மட்டையோடு இறங்கும்போது விஜயகாந்தின் 'நீ பொட்டு வச்ச தங்கக் குடம்' ஒலிக்கும். விஜயகாந்த் இறந்து ஒரு வருடம்கூட ஆகாத நேரம் அது. இரவு 11.15 மணிக் காட்சியில் ஒன்பது பேர் இருந்தோம், ஒன்பது பேரும் விசில் அடித்தோம். மறுநாள் காலை 7 மணிக்கு எனக்கு ஷிப்ட். மாலையில் போட்டிருந்தால் எங்கள் லைன் ஆட்கள் இருபது பேரை நானே கூட்டி வந்திருப்பேன்.

நீங்கள் நினைத்தால் செய்ய முடியும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. ஜூனில் மகாராஜாவுக்கு முதலில் இரண்டு காட்சிதான் போட்டீர்கள். விஜய் சேதுபதியின் ஐம்பதாவது படம், காணாமல் போன குப்பைத்தொட்டியைத் தேடிக் காவல் நிலையம் வரும் முடி திருத்துபவர் கதை. முதல் வாரம் பார்த்தவர்கள் வாயாலேயே கூட்டம் சேர்ந்தது, அடுத்த வாரம் ஐந்து காட்சியாக ஏற்றினீர்கள். அதற்கு என் மனமார்ந்த நன்றி. தீபாவளி அன்று அமரன் பார்த்ததும் உங்கள் பெரிய ஹாலில்தான். சாய் பல்லவி மூச்சை அடக்கி அழும் சத்தம் கடைசி வரிசை வரை கேட்டது. ஒலி அப்படித்தான் இருக்க வேண்டும். முதல் வாரத்தில் கூட்டம் வர முடியாத நேரத்தில் போட்டுவிட்டு, கூட்டம் இல்லை என்று படத்தைத் தூக்குவது மட்டும் நியாயமே இல்லை.

நான் கேட்பது இவைதான். செப்டம்பர் 29 காட்சிக்கான ஐந்து டிக்கெட் பணம், 90 வெள்ளி, திருப்பித் தர வேண்டும். மாற்று டிக்கெட்டில் பார்த்தது குறைத்த படம் என்பதால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அந்த ஹாலின் நடு ஸ்பீக்கரைச் சரி செய்து, எந்தத் தேதியில் செய்தீர்கள் என்று எழுத்தில் சொல்ல வேண்டும். பெரிய நடிகர் இல்லாத தமிழ்ப் படத்துக்கும் முதல் ஒரு வாரம் மாலை 6 மணியிலிருந்து 9 மணிக்குள் ஒரு காட்சியாவது ஒதுக்க முடியுமா, முடியாதென்றால் ஏன் என்று சொல்ல வேண்டும்.

இந்தக் கடிதம் கிடைத்து 21 நாளில் மனிதர் ஒருவர் கையெழுத்திட்ட பதில் வரவில்லை என்றால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போவேன். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் சேவைக்கும் பொருந்தும், தக்க கவனத்தோடும் திறமையோடும் சேவை தர வேண்டும் என்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளிதான், வழக்கறிஞரும் தேவையில்லை. 90 வெள்ளிக்காகவா இவ்வளவு என்று வீட்டிலும் கேட்டார்கள். பணத்துக்காக இல்லை என்பது இதுவரை படித்த உங்களுக்குத் தெரிந்திருக்கும். டிக்கெட் நகல்களையும் என் இரண்டு பழைய புகார்களின் எண்களையும் இதோடு இணைத்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. இதைப் புகாராக அல்ல, வேண்டுகோளாகவே கேட்கிறேன். மெய்யழகனின் குறைக்காத முழுப் பிரதி விநியோகஸ்தரிடம் கிடைத்தால், ஒரே ஒரு காட்சி, ஒலி நன்றாக இருக்கும் ஹாலில், பகல் நேரத்தில் போடுங்கள். ஐந்து டிக்கெட்டையும் நான் காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன். அம்மாவுக்குப் படி ஏறாமல் போகிற வரிசையில் ஓர் இடம் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
பிறை, பினாங்கு.