மூன்று தடம் போதும்: நகர மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மன்ற உறுப்பினர்களே, சாலைத் துறைப் பொறியாளர்களே,

வணக்கம். நான்கு தடச் சாலையை மூன்றாக்கி (திசைக்கு ஒன்று, திரும்புகிறவர்களுக்கு நடுவில் ஒன்று), மிச்சமாகும் இடத்தைச் சைக்கிளில் போகிறவர்களுக்கும் நடப்பவர்களுக்கும் கொடுக்கும் திட்டம் உங்கள் முன் இருக்கிறது. இதைப் பற்றிய விவாதத்தில் ஒரே கணக்குதான் திரும்பத் திரும்ப வருகிறது: காரில் போகிறவருக்கு எத்தனை நிமிடம் கூடும்? நியாயமான கேள்விதான். ஆனால் அந்தச் சாலையைக் குறுக்கே கடக்கிறவர் பத்திரமாக மறுபக்கம் போய்ச் சேர்வாரா என்ற கணக்கை யாரும் கேட்பதில்லை. முதலில் அதைக் கேளுங்கள்.

ஒரு திசைக்கு இரண்டு தடம் இருந்தால் என்ன ஆகும்? நடந்து கடக்கிறவரைப் பார்த்து ஒரு கார் நிற்கிறது. அவர் நம்பி இறங்குகிறார். பக்கத்துத் தடத்தில் வருகிறவருக்கோ, நின்ற கார் மறைப்பதால் ஆள் இருப்பதே தெரியாது. வேகம் குறையாமல் வந்து மோதிவிடுகிறார். நின்றவர் மேல் தப்பில்லை, நடந்தவர் மேலும் தப்பில்லை. சாலையின் அமைப்புதான் அந்த விபத்தை உண்டாக்குகிறது. திசைக்கு ஒரே தடம் என்றால் முன்னவர் நிற்கும்போது பின்னால் வருகிறவரும் நின்றுதான் ஆக வேண்டும். வேகமும் அப்படித்தான். இரண்டு தடத்தில் அவசரக்காரர் முந்திக்கொண்டு பறப்பார். ஒரு தடத்தில் நிதானமாக ஓட்டுகிறவரின் வேகமே எல்லோருடைய வேகமும் ஆகிவிடும்.

வேகத்தைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். மணிக்கு 50 கிலோமீட்டரில் வரும் கார், 30-இல் வரும் அதே காரைவிடக் கிட்டத்தட்ட 2.8 மடங்கு ஆற்றலோடு மோதுகிறது. சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிரிழப்பு விபத்துக்கான வாய்ப்பு 4 சதவீதம் கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

"ஒரு தடத்தை எடுத்துவிட்டால் நெரிசல் வராதா?" நடுத்தடுப்பு இல்லாத நான்கு தடச் சாலையின் உள்தடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். எதிர்த் திசையைக் கடந்து திரும்ப வேண்டியவர் அங்கேதான் நின்று காத்திருப்பார். பின்னால் வருகிறவர்கள் திடீரென்று பிரேக் போடுவார்கள், இல்லையென்றால் சட்டென்று பக்கத்துத் தடத்துக்கு ஒடிப்பார்கள். நான்கு தடம் என்பது பாதி நேரம் காகிதத்தில் மட்டும்தான். திரும்புகிறவர்களுக்கென்று நடுவில் ஒரு தடம் கொடுத்துவிட்டால் நேராகப் போகிறவர்கள் தடையில்லாமல் போகலாம்.

இது நேற்று முளைத்த யோசனை இல்லை. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் பில்லிங்ஸ் நகரம் 1979-இலேயே இதைச் செய்தது. அதே நாட்டின் ஆர்லாண்டோ நகரில் எட்ஜ்வாட்டர் டிரைவ் என்ற சாலை 2002-இல் இப்படி மாற்றப்பட்ட பிறகு அங்கே விபத்து விகிதம் மூன்றில் ஒரு பங்குக்குமேல் குறைந்தது. இத்தகைய மாற்றத்தால் மொத்த விபத்துகள் 19 முதல் 47 சதவீதம் வரை குறைவதாக அந்நாட்டின் கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகம் சொல்கிறது.

எல்லாச் சாலைக்கும் இது பொருந்துமா? பொருந்தாது. நாளொன்றுக்குச் சுமார் 20,000 வண்டிகள் வரை போகும் சாலைகளுக்குத்தான் இது நன்றாக ஒத்துவரும். அதைத் தாண்டினால் ஒவ்வொரு சிக்னலையும் தனியாக ஆராய வேண்டும். பேருந்து நிறுத்தங்களையும் யோசித்து அமைக்க வேண்டும்; சைக்கிள் பாதை நிறுத்தத்துக்குப் பின்புறமாகச் சுற்றிப் போனால் இருவருக்கும் இடைஞ்சல் இல்லை. ஆம்புலன்ஸ் பற்றிய கவலை எனக்கும் உண்டு. நெரிசலான நான்கு தடத்தில் ஒதுங்கவே இடமிருக்காது. நடுத்தடம் இருந்தால் ஆம்புலன்ஸுக்கு அதுவே வழி. ஆகவே அதை நெடுக அடைத்துவிடாமல், மக்கள் கடக்கும் இடங்களில் மட்டும் நின்று போக ஒரு திட்டு கட்டுங்கள்.

கடைக்காரர்களோடு சரக்கு இறக்கும் இடத்தையும் நேரத்தையும் முன்கூட்டியே பேசி முடியுங்கள். சரக்கு இறக்க இடமில்லாமல் போய்விடுமோ என்ற அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது.

"சைக்கிளில் யார் போகிறார்கள்?" என்ற கேள்வி மட்டும் எனக்கு வருத்தம் தருகிறது. போக விரும்புகிறவர்கள் பயந்துதான் போவதில்லை. பிள்ளைகளை அந்தச் சாலையில் சைக்கிளோடு அனுப்பப் பெற்றோருக்கு மனம் வருவதில்லை. இன்றைய எண்ணிக்கையை வைத்து நாளைய தேவையை முடிவு செய்யாதீர்கள்.

ஒரேயடியாகக் கான்கிரீட் போடச் சொல்லவில்லை. முதலில் பெயின்டாலும் கம்பங்களாலும் ஒரு வருடம் சோதித்துப் பாருங்கள். இரண்டாவது வாரமே வரும் புகார்களுக்காக அழித்துவிடாதீர்கள்; ஓட்டுநர்கள் பழகக் கொஞ்ச காலம் பிடிக்கும். அப்புறம், சோதனை வெற்றி பெற்றால் வெறும் வெள்ளைக் கோட்டோடு நிறுத்திவிடாதீர்கள். கோடு எந்தக் காரையும் தடுக்காது. சைக்கிள் பாதைக்கு உறுதியான தடுப்பு வேண்டும்.

வாக்கெடுப்புக்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. இப்போது அந்தச் சாலையில் வண்டிகள் உண்மையில் என்ன வேகத்தில் போகின்றன, நடப்பவர் கடக்க எவ்வளவு நேரம் காத்திருக்கிறார், எங்கெங்கே அடிபடுகிறார்கள் என்று அளந்து, பயண நிமிடக் கணக்குக்குப் பக்கத்திலேயே வெளியிடுங்கள். அது மக்கள் கைக்கு வரும்வரை வாக்கெடுப்பைத் தள்ளிவையுங்கள்.

இப்படிக்கு,
நடந்தும் வண்டி ஓட்டியும் சாலையைப் பயன்படுத்தும் ஒருவர்