குத்தூசி ஒன்று வேண்டும்

கோபி,
ஞாயிறு இரவு

அன்புள்ள நாச்சிமுத்துவுக்கு,

பேத்தி காதுகுத்துக்கு நான் வராதது தப்புதான். தங்கச்சியிடம் நேரில் வந்து சொல்லிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது.

எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு. புதன்கிழமை பன்னிரண்டாம் வகுப்பில் கரும்பலகையில் அணுவின் கருவில் இருக்கிற புரோட்டானை வரைந்து, உள்ளே மூன்று குவார்க் போட்டேன். புரோட்டானே குவார்க் என்கிற இன்னும் சின்னத் துகள்களால் ஆனது. கடைசி பெஞ்சில் ஒரு பிள்ளை எழுந்து, "உள்ள போயி யாருங்க சார் பார்த்தது?" என்றாள். மணி அடித்துவிட்டது. அடுத்த வகுப்பில் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். நாலு நாளாக அதே நினைப்புதான். எவ்வளவு சரியான கேள்வி! ஒரு மில்லிமீட்டரை லட்சம் கோடிக் கூறாக்கினால் அதில் ஒன்றிரண்டு கூறுதான் புரோட்டானின் அகலம்.

ராத்திரி வாசலில் கட்டிலைப் போட்டுப் படுத்திருந்தேன். உங்கள் அப்பாரு ஞாபகம் வந்தது. காங்கேயம் மண்டியில் மூட்டையைப் பிரிக்காமலே குத்தூசியைச் சொருகி, உள்ளங்கையில் அரிசியைச் சரித்து, கட்டைவிரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பாரே! அதேதான் நாச்சி. புரோட்டானுக்கு எலக்ட்ரான்தான் குத்தூசி. அதற்கு ஆற்றல் ஏற ஏற அலைநீளம் குறையும், ஊசி மெல்லிசாகும்.

1950களில் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் ஹாஃப்ஸ்டாட்டர் என்ற இயற்பியலாளர் குத்தியது தடித்த ஊசி. மூட்டைக்கு ஒரு பருமன் உண்டு, அது வெறும் புள்ளி இல்லை என்பது தெரிந்தது. அப்புறம் அங்கேயே 3 கிலோமீட்டர் நீளத்துக்கு, எலக்ட்ரானுக்கு வேகமேற்றும் ஒரு முடுக்கியைக் கட்டினார்கள். 1960களின் கடைசியில் ஃபிரீட்மன், கெண்டால், டெய்லர் குழு அதில் எலக்ட்ரானை ஏவிப் பார்த்தது. உள்ளே மாவு மாதிரி சீராக இருந்திருந்தால் பெரும்பாலும் லேசாகத்தான் திரும்பியிருக்கும். எதிர்பார்த்ததைவிட நிறைய எலக்ட்ரான்கள் பெரிய கோணத்தில் தெறித்தன. அப்படியென்றால் உள்ளே மணிமணியாக ஏதோ இருக்கிறது! 1964இல் கெல்மானும் ஸ்வைக்கும் தனித்தனியே கணக்கில் சொன்ன குவார்க்குகள்தான் அவை என்பது பிற்பாடு உறுதியானது. 1990இல் மூவருக்கும் நோபல்.

அப்புறம் ஜெர்மனியில் ஹாம்பர்க்கில் 6.3 கிலோமீட்டர் முடுக்கி வளையம் ஒன்று, ஹெரா என்று பெயர். 1992இலிருந்து 2007 வரை எலக்ட்ரானையும் புரோட்டானையும் எதிரெதிரே விட்டு மோதவைத்தது. ஊசி இன்னும் மெல்லிசானதும் பார்த்தால், மூன்று மணியோடு நிற்கவில்லை. நொய்யும் குருணையுமாக, குவார்க்குகளை ஒட்டிவைக்கும் குளுவான் என்கிற துகள்கள், தோன்றித் தோன்றி மறையும் குவார்க், எதிர்க்குவார்க் ஜோடிகள். கூர்மை கூடக் கூட எண்ணிக்கையும் கூடுகிறது.

தராசுக்காரனான உனக்கு இனிமேல்தான் விஷயம். அந்த மூன்று குவார்க்குகளின் நிறையைக் கூட்டினால் புரோட்டானின் நிறையில் நூற்றில் ஒரு பங்குதான் தேறும். 75 கிலோ மூட்டையில் அரிசி முக்கால் கிலோ! மிச்சமெல்லாம் குவார்க்குகள் உள்ளே ஓயாமல் ஓடும் ஓட்டமும், அவற்றைக் கட்டி வைத்திருக்கும் குளுவான்களின் ஆற்றலும். இத்தனை வருஷமாக நீ நிறுத்துக் கொடுத்ததில் முக்காலே மூணு வீசத்துக்கும் மேலே அதுதான் நாச்சி. எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஒரு இடத்தில் குத்தூசிக் கதை நிற்காது. குவார்க்கைத் தனியாக உள்ளங்கையில் சரிக்க முடியாது. அடித்து வெளியே இழுத்தால், இழுத்த ஆற்றலே புதுத் துகள்களாகிக் கற்றையாகச் சிதறும். அந்தச் சிதறலையும், எலக்ட்ரான் திரும்பிய கோணத்தையும் அளந்துதான் உள்ளே இருந்ததைக் கணக்கிடுகிறார்கள். இதையும் அந்தப் பிள்ளையிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

அப்பாருவின் குத்தூசி இன்னும் குடோனில் இருக்கிறதா? புதன்கிழமைக்குள் வேண்டும். கூடவே சின்னச் சணல் சாக்கில் கொஞ்சம் அரிசி, நொய்யும் கலந்தே இருக்கட்டும். ஈரோடு வருகிற யாரிடமாவது கொடுத்துவிடு, நான் வந்து வாங்கிக்கொள்கிறேன். சந்தைக்கடை ராமு வந்தால் அந்த முந்நூறு ரூபாயை விடாதே.

உன்,
வேலுச்சாமி