பூங்கொத்திலும் ஒரு தேதி வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பேரங்காடியில் பூ வாங்குவது வீண் செலவு, இரண்டே நாளில் தலை தொங்கிவிடுகிறது என்று போன வாரம் இந்தப் பகுதியில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருடைய கோபம் நியாயமானது. நானும் அப்படி ஏமாந்திருக்கிறேன். ஆனாலும் 4 வருடமாகப் பேரங்காடியில்தான் பூ வாங்குகிறேன். இப்போதெல்லாம் ஒரு கொத்து 2 வாரம் நிற்கிறது. அதனால் இந்தக் கடிதம்.

என் அம்மாவால் எழுந்து நடமாட முடியாது. முன்பெல்லாம் தலையில் மல்லிகை இல்லாமல் வீட்டு வாசலைத் தாண்டாதவர். வெள்ளிக்கிழமைகளில் தேக்காச் சந்தைக்குப் போய் அவருக்குச் சரம் வாங்கி வருகிறேன். சரத்தின் வாசனைக்கு ஈடு கிடையாது, ஆனால் மறுநாளே பழுப்பேறிவிடும். படுத்தபடி பார்த்துக்கொண்டிருக்க ஒரு ஜாடிப் பூ வேண்டும் என்று அவர்தான் கேட்டார். பூக்கடையில் அலங்காரமாகக் கட்டித் தரும் கொத்தை மாதம் இரண்டு முறை வாங்க என் சம்பளம் இடம் கொடுக்காது. அதனால் வீட்டுக்குப் பக்கத்துப் பேரங்காடிக்குப் போனேன்.

முதலில் அழகைப் பார்த்து வாங்கினேன். நன்றாக விரிந்த ரோஜா, பெரிய பெரிய ஜெர்பெரா. ரோஜா மூன்றாம் நாள் இதழ் உதிர்த்தது. ஜெர்பெரா அதற்கு முன்பே கழுத்து மடிந்தது. விரிந்து முடித்த பூ தன் நாட்களைக் கடையிலேயே கழித்துவிட்டது என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

அப்புறம்தான் சாமந்திக்கு வந்தேன். நம் சிங்கப்பூர்ப் பேரங்காடிகளில் விற்கும் சாமந்தியில் நிறைய கேமரன் மலையிலிருந்து வருகிறது. மலேசியாவின் பஹாங் மாநிலத்தில், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், பிளாஸ்டிக் கூரை போட்ட கொட்டகைகளில் வளர்க்கிறார்கள். அங்கே இரவில் மலைச்சரிவு முழுக்க விளக்கு எரிவதை நானே பார்த்திருக்கிறேன். இரவு நீளமாக இருந்தால்தான் சாமந்தி மொட்டு வைக்கும். செடி போதிய உயரம் வளரும்வரை விளக்கைப் போட்டு அதன் இரவைச் சுருக்குகிறார்கள், பிறகு விளக்கை நிறுத்திப் பூக்க விடுகிறார்கள். அங்கிருந்து நம்மிடம் வர 500 கிலோமீட்டருக்கு மேல் சாலைப் பயணம். விமானத்தில் வரும் ரோஜாவோடு பார்த்தால் விலை குறைவு, ஆயுள் அதிகம். ஒரே தண்டில் சின்னச் சின்னதாகப் பல பூ உள்ள கிளை வகையை எடுத்தால் ஒன்று வாடினாலும் பக்கத்தில் இன்னொன்று மலரும். அம்மாவுக்கு அதுதான் பிடிக்கும். எந்த மொட்டு இன்று விரிந்தது என்று காலையில் எண்ணிப் பார்ப்பார்.

வாங்கும்போது நான் பூவைவிட இலையைத்தான் பார்ப்பேன். சாமந்தியில் பூ நன்றாக இருக்கும்போதே இலை மஞ்சளாகத் தொடங்கும், அப்படி இருந்தால் அது பழைய கொத்து. நடுவில் பொத்தான் மாதிரி இருக்கும் வகையில் அந்தப் பொத்தான் பச்சையாக, இறுக்கமாக இருக்க வேண்டும். மஞ்சள் நிற மகரந்தத் தூள் தெரிந்தால் வைத்துவிடுவேன். தண்டின் அடியைத் தொட்டுப் பார்ப்பேன், வழவழப்பாக இருந்தால் அந்த வாளித் தண்ணீரே கெட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். ரோஜாதான் வேண்டும் என்பவர்கள் காம்புக்கு மேலே மொட்டை மெல்ல அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் வாங்கலாம். ஆர்க்கிட், கார்னேஷன் இரண்டும் நன்றாகத் தாங்கும். லில்லி வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் வீட்டில் பூனை இருந்தால் கண்டிப்பாக வேண்டாம். அதன் மகரந்தம்கூடப் பூனையின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். இன்னொன்று, சீன நண்பர்கள் வீட்டுக்கு வெள்ளைச் சாமந்தி கொண்டுபோகாதீர்கள், அது அவர்களுக்குத் துக்கப் பூ. இதை எனக்குச் சொல்லித் தந்தவர் எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி.

வீட்டுக்கு வந்ததும் தண்டின் அடியை 2 சென்டிமீட்டர் சாய்வாக வெட்டி, உடனே தண்ணீரில் வைக்க வேண்டும். தண்ணீருக்குள் ஒரு இலைகூட மூழ்கக் கூடாது. இலை அழுகினால் கிருமி பெருகி, தண்டு நீர் உறிஞ்சும் வழி அடைபடும். கொத்தோடு வரும் சிறு பொட்டலத்தைத் தூக்கிப் போடாதீர்கள். அதில் பூவுக்குச் சர்க்கரை, கிருமியைத் தடுக்கும் மருந்து, கொஞ்சம் அமிலம் எல்லாம் சேர்ந்திருக்கிறது. பொட்டலம் இல்லையென்றால் நல்ல தண்ணீரே போதும். வெறும் சர்க்கரையைப் போட்டால் கிருமிக்குத்தான் விருந்து.

தண்ணீரை ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றுகிறேன். டெங்கிக்காகத் தேசிய சுற்றுப்புற வாரியம் ஜாடித் தண்ணீரை மாற்றச் சொல்லி எத்தனையோ வருடமாகச் சொல்லி வருகிறது. டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் போதும். முட்டை ஜாடியின் உள்சுவரில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் உள்ளேயும் தேய்த்துக் கழுவுகிறேன். படுக்கையில் இருக்கும் அம்மாவுக்குப் பக்கத்தில் வைக்கிற ஜாடி, அதில் அலட்சியம் காட்ட முடியாது. தண்ணீர் மாற்றும்போதே தண்டையும் கொஞ்சம் நறுக்கிவிடுவேன். காற்றாடிக்கு நேராகவும் ஜன்னல் வெயிலிலும் வைப்பதில்லை.

சரி, இதெல்லாம் வாங்குபவர் செய்ய வேண்டியது. கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. நான் போகும் பேரங்காடியில் பூ வாளிகள் வாழைப்பழ அடுக்கை ஒட்டி இருந்தன. பழுக்கும் பழத்திலிருந்து எத்திலீன் என்ற வாயு வருகிறது. கார்னேஷனும் ஆர்க்கிட்டும் அதைத் தாங்காது, மொட்டு விரியாமலே சுருங்கும் அல்லது உதிரும். நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் பழத்தட்டுக்குப் பக்கத்தில் இதே கதைதான். அதைவிட முக்கியம் தேதி. ரொட்டியில் தேதி இருக்கிறது, முட்டையில் இருக்கிறது. பூங்கொத்தில் மட்டும் விலைதான் ஒட்டியிருக்கிறது. கடைக்கு வந்த நாளை உறையில் அச்சடித்தால் போதும். இலையையும் தண்டையும் பார்த்து வயது கணிக்கத் தெரியாதவரும் ஏமாற மாட்டார். அந்த வாசகருக்கும் அப்படியொரு கடிதம் எழுத வேண்டி வந்திருக்காது.

கடை மேலாளரிடம் இரண்டையும் சொன்னேன். மறுவாரமே வாளிகளைப் பழப் பக்கத்திலிருந்து நகர்த்தி வைத்திருந்தார், அவருக்கு நன்றி. தேதி போடுவது தன் கையில் இல்லை, தலைமை அலுவலகம் முடிவு செய்ய வேண்டும் என்றார். இந்தக் கடிதத்தை நீங்கள் வெளியிட்டால், கத்தரித்து அவரிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அவர் அதை மேலே அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
வாசகி ஒருவர்,
தோ பாயோ, சிங்கப்பூர்